டாக்குரியாவில் ஒரு வாளித் தண்ணீர்

கல்கத்தாவுக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது மீன் வாசனையும் இல்லை, மழையும் இல்லை. இந்த ஊர்ச் சண்டைதான். டாக்குரியா ரயில் நிலையத்து வாசலில் ஓர் ஆட்டோக்காரரும் ஒரு பழக்காரரும் மோதிக்கொண்டதை முதன்முதலாகப் பார்த்தபோது, இதோ விழப்போகிறது அடி என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். இருவரும் மூக்கோடு மூக்கு நின்று கத்தினார்கள். ஒருவர் மற்றவரின் படிப்பைக் கேலி செய்தார், மற்றவர் இவருடைய கட்சியை இழுத்தார். கூடிய கூட்டமும் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. கடைசியில் யாரோ மண்குவளையில் டீ வாங்கிக் கொடுக்க, எல்லோரும் தொண்டையை நனைத்துக்கொண்டு கலைந்தார்கள். ஒரு அடிகூட விழவில்லை. எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் இது தலைகீழ். அங்கே கைதான் முதலில் பேசும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகுதான் என்ன விஷயம் என்று விசாரிப்பார்கள். வாய் பேசுகிற ஊருக்கு வந்துவிட்டோம், இனிமேல் கைக்குப் பயப்பட வேண்டாம் என்று அன்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள்.

நான் வந்தது வேலைக்கு. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இயந்திரம் விற்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பாலிகஞ்ச் அலுவலகத்தில் நிர்வாகம் என் பொறுப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளாததற்குக் காரணம் கேட்கிறவர்கள் இல்லாத தூரத்தில் வேலை கிடைத்தால் போதும் என்று தேடித்தான் இத்தனை தள்ளி வந்தேன். டாக்குரியாவில் ஒரு சந்துக்குள் பழைய மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா, எல்லோருக்கும் மாஷிமா, நம்மூர்ச் சித்தி மாதிரி. மேல்மாடியில் நான். நடுமாடியைக் கம்பெனியே வாடகைக்கு எடுத்திருந்தது, போலந்திலிருந்து வருகிற மெக்கானிக்குகளுக்காக. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வெள்ளைக்காரன் இங்கே பிழைக்க வருவானா என்று என் அண்ணனும் கேட்டான். வருவான். அவன் ஊரில் சுரங்கத்தை மூடிவிட்டால் சுரங்கம் திறந்திருக்கிற ஊருக்கு வருவான்.

மாரெக் அப்படி வந்தவர். நாற்பதைத் தாண்டிய ஆள், மொட்டைத் தலை, பேசும்போது உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டே இருப்பார். சிலேசியா என்கிற சுரங்கப் பிரதேசத்துக்காரர். நம்மூரில் சில குடும்பங்களில் எல்லோரும் ராணுவம் என்பதுபோல அவர் குடும்பத்தில் எல்லோரும் பூமிக்கு அடியில். அவர் வேலை பார்த்த சுரங்கத்தை மூடியதும், மனைவியையும் ஓலா என்ற மகளையும் விட்டுவிட்டு அயர்லாந்துக்குப் போய் ஒரு மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரித்தார். ஒரு வீட்டுக்குள் போலந்துக்காரர்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்களாம். ஒரு சனிக்கிழமை பீர் பாட்டிலோடு வந்த உள்ளூர் இளைஞர்கள், எங்கள் வேலையைத் திருடுகிற நாய்களே, ஊருக்குப் போங்கள் என்று ஜன்னலை உடைத்திருக்கிறார்கள். தடுக்கப் போன மாரெக்கின் தாடையை உடைந்த பாட்டிலால் கிழித்துவிட்டார்கள். அந்தத் தழும்பு தாடியையும் மீறித் தெரியும். சுரங்க இயந்திரம் தெரிந்தவன், கடைசியில் மாட்டு எலும்போடு செத்திருப்பேன் என்று சொல்லிச் சிரிப்பார். எங்கள் கம்பெனியின் வேலை கிடைத்தபோது இயந்திரத்தின் பக்கம் திரும்பிப் போகிறோம் என்பதற்காகவே ஒப்புக்கொண்டாராம். ராணிகஞ்ச் பக்கத்துச் சுரங்கங்களில் பாதி மாதம், டாக்குரியாவில் பாதி மாதம். இங்கே என்னை யாரும் திருடன் என்று சொல்வதில்லை, கூடச் சேர்ந்து செல்பி எடுக்கிறார்கள் என்பார்.

செல்பி எடுத்தவர்களில் முதல் ஆள் டோட்டன். எங்கள் வீட்டுக்கு எதிரே சந்தின் கிளப். பெயர்தான் கிளப். ஒரே அறை, கேரம் பலகை, ஒரு டிவி, சுவரில் காளி. பூஜைக்குப் பந்தல் போடுவதும், செத்தவரைச் சுடுகாட்டுக்குத் தூக்குவதும், குழாயில் தண்ணீர் வராவிட்டால் கவுன்சிலர் வீட்டு வாசலில் கத்துவதும் அவர்கள்தான். டோட்டன் அந்தப் பையன்களுக்குத் தலைவன் மாதிரி. முப்பது வயது, வாடகைக் கார் ஓட்டுகிறவன், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. எனக்கு டெங்கு வந்து ரத்தத் தட்டணு சரசரவென்று இறங்கியபோது என்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியவன் அவன். ஆஸ்பத்திரியில் அவன் ரத்தம் பொருந்தியது என்று தெரிந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு படுத்துவிட்டான். கூடப் பிறந்தவன் இருந்திருந்தால்கூட இப்படிச் செய்திருப்பானா என்று மாஷிமா கேட்டாள். கூடப் பிறந்தவன் இருக்கிறான், அவன் செய்தது வேறு என்று நான் சொல்லவில்லை.

டோட்டனுக்கு ஒரே ஒரு கனவு. போலந்துக்குப் போக வேண்டும். நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தாலும் உண்மை. அங்கே கிடங்குகளில் பெட்டி அடுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று ஓர் ஏஜென்ட் சொல்லியிருந்தான். பாஸ்போர்ட் எடுத்து, ஏஜென்டிடம் பெயர் பதிந்து, இனி போலீஸ் சான்று ஒன்றுதான் பாக்கி என்று காத்திருந்தான். மாரெக் டீக்கடைக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே குளிர் எப்படி, முதலாளி அடிப்பானா, வீடு தருவானா என்று விசாரிப்பான். மாரெக் உள்ளதைச் சொல்வார். அங்கே யாரும் தங்குவதில்லை டோட்டன், என் வகுப்பில் படித்தவர்கள் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள், நீ எதற்கு அங்கே போகிறாய் என்பார். டோட்டன் சிரித்துத் தலையாட்டுவான். அப்புறம் என்னிடம் வந்து, "தான் மட்டும் நல்லா இருக்கணும்னு நினைக்கிற ஆளு, திதி. நாம வந்துட்டா பங்குக்கு வந்துருவோம்னு பயம்" என்பான். திதி என்றால் வங்காளத்தில் அக்கா. அப்படி இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். வெளியே போக வாசல் திறக்காதவனிடம், அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இனி தண்ணீர் விஷயம். எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. முறைப்பையன்கள் முறைப்பெண்கள் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பெண்களும் விடமாட்டார்கள், சொம்போடு துரத்துவார்கள். யார் யார்மேல் ஊற்றலாம் என்பது ஊருக்கே மனப்பாடம். நான் கல்லூரி முதல் வருஷம் படித்தபோது கதிரேசன் என்மேல் ஒரு சொம்பு ஊற்றினான். என்னோடு பஸ்ஸில் வந்து படித்தவன். வேறு சாதி, வேறு தெரு, ஆகவே முறை என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்குப் பிடித்திருந்தது. தலை முதல் கால் வரை மஞ்சளாக நின்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போவதற்கு முன்பே அண்ணனும் சித்தப்பாமார்களும் வந்துவிட்டார்கள். தேர் நெம்புகிற தடியால் அடித்தார்கள். ஊற்றிய கை எது என்று கேட்டு அந்தக் கையைக் கல்லில் வைத்து அடித்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஓடிய தெருவில் ரத்தம் சிவப்பாகக் கலந்து என் பாவாடை ஓரத்துக்கு வந்தது. என்னை முடியைப் பிடித்து இழுத்துப்போய் உள்ளறையில் போட்டுப் பூட்டினார்கள். அடித்தது என் பெயரைச் சொல்லி. பிறகு சமாதானம் பேசியதும் என் பெயரைச் சொல்லி. உனக்கு என்ன ஆயிற்று என்று என்னை ஒரு ஆள் கேட்கவில்லை. கதிரேசன் பிறகு திருப்பூருக்குப் போனான் என்றும் அந்தக் கை மடங்குவதில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

இதை நான் மாரெக்கிடம் முழுதாகச் சொன்னதில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் ஊர்ப் பழக்கத்தைச் சொன்னார். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, ஆண்கள் பெண்கள்மேல் தண்ணீர் ஊற்றுவார்களாம். வாளி வாளியாக, படுக்கையில் தூங்குகிறவர்கள்மேல்கூட. எந்தப் பெண் அதிகம் நனைகிறாளோ அவளுக்கு அவ்வளவு மதிப்பு. அன்று நனையாமல் வீடு திரும்புகிற பெண்ணுக்குத்தான் அவமானம், அவள் யாருக்கும் வேண்டாதவள் என்று அர்த்தம், அவள் அழுவாள் என்றார். எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு, மஞ்சள் கலந்து ஊற்றுவார்கள் என்று சொன்னேன். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். உலகம் எவ்வளவு சின்னது என்றார். முறை என்ற ஒன்றை எப்படி இங்கிலீஷில் விளக்குவது என்று யோசித்து, சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு பேச்சை விட்டுவிட்டேன்.

சில நாளில் டோல் வந்தது, நம் ஆட்கள் ஹோலி என்பார்களே அதுதான். கிளப் பையன்கள் மாரெக்கைக் கட்டிலோடு தூக்காத குறையாக வெளியே இழுத்து வந்து தொட்டித் தண்ணீரில் முக்கினார்கள். டோட்டன் அவர் மொட்டைத் தலையில் பச்சையும் ஊதாவும் பூசினான். என்மேலும் ஊற்றினான். திதி தப்பிக்க முடியாது என்று மாடி வரைக்கும் வந்து ஊற்றினான். இந்தச் சந்தில் தண்ணீர் ஊற்றினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று மாரெக் அன்று முடிவு செய்துகொண்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். தண்ணீருக்கும் நாள் உண்டு, ஊற்றுகிற கைக்கும் முறை உண்டு என்பது வெளியிலிருந்து வருகிறவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஈஸ்டருக்கு மறுநாள் இங்கே எல்லோருக்கும் வேலைநாள். காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பி, வெள்ளைச் சுரிதாரில், மாஷிமாவின் வாசல் கேட்டைத் திறந்தேன். கேட்டுக்குப் பின்னால் வாளியோடு ஒளிந்திருந்த மாரெக் முழு வாளியையும் என் தலையில் கொட்டினார். குழந்தை மாதிரி ஒரு முகம். ஏதோ போலிஷில் வாழ்த்துச் சொன்னார். நான் அலறினேன். குளிருக்காக இல்லை, கோபத்தாலும் இல்லை. தண்ணீர் தலையில் விழுந்தால் அடுத்து என்ன வரும் என்று என் உடம்புக்குத் தெரியும். ஓடு, ஓடு என்று தமிழில் கத்தினேன். அவருக்கு அது புரியவில்லை. புரியாமல் சிரித்துக்கொண்டே நின்றார்.

பொய்லா பொய்ஷாக் விழாவுக்காக, நம் சித்திரைப் பிறப்பு மாதிரிதான், கிளப் வாசலில் பந்தல் மூங்கில் அடுக்கியிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரன் சிரிக்கிறான், துணி உடம்போடு ஒட்டிய பெண் ஒருத்தி அலறுகிறாள். அங்கே நின்ற கிளப் பையன்கள் பார்த்தது அவ்வளவுதான். முதல் அடி மாரெக்கின் காதுமேல் இறங்கியது. அவர் அப்போதும் விளையாட்டு என்றே நினைத்திருக்க வேண்டும், கையை உயர்த்திச் சிரித்தார். இரண்டாவது அடியில் முன்பல் தெறித்து என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. எங்கள் திதியைத் தொடுவாயா என்று கத்தினான் டோட்டன். அப்புறம் சந்து முழுக்கக் கத்தியது. டீக்கடையில் இருந்தவர்கள், பஸ்ஸுக்குப் போனவர்கள், அவரைத் தெரியாதவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு உதை கொடுத்துவிட்டுப் போனார்கள். நின்று போனில் படம் எடுத்தவர்களும் உண்டு. கீழே கிடந்தவரின் வலது கையைச் செருப்புக் காலால் மிதித்துத் திருகினான் ஒருவன், பீடியை நசுக்குகிற மாதிரி. விரல்கள் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை.

அரே, அவர் ஒன்றும் செய்யவில்லை, விடுங்கள் என்று வங்காளத்தில், இந்தியில், தமிழில் கத்திக்கொண்டே இருந்தேன். பயத்தில் பேசுகிறாள் என்று ஒருவன் என்னை அன்பாகத் தள்ளிவிட்டான். என்னைக் காப்பாற்றுகிற மும்முரத்தில் என் பேச்சைக் கேட்க அங்கே ஒருவனுக்கும் நேரமில்லை. கடைசியில் மாரெக்கின்மேல் குப்புற விழுந்து மறைத்தேன். மூங்கில் என் தோளில் இறங்கியது. யார் அடித்தது என்று திரும்பிப் பார்த்தேன். டோட்டன். அவன் கையிலிருந்து மூங்கில் நழுவிவிட்டது. வாயைத் திறந்தபடி நின்றான். என் உடம்புக்குக் கீழே மாரெக் மூச்சு வாங்கும்போதெல்லாம் கொர்கொர் என்று ஏதோ குமிழிட்டது. என் வெள்ளைச் சுரிதார் முழுக்கச் சிவப்பு. வீட்டுக்குள்ளே மாஷிமா ஜன்னலைச் சாத்துவது தெரிந்தது.

மாரெக்குக்கு விலா எலும்பு இரண்டு போனது, ஒரு காது கேட்கவில்லை, வலது கையின் விரல்களைக் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொன்ன சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். வருஷத்துக்கு ஒரு தரம் பொங்கலுக்குக் கூப்பிடுகிறவன். வீடியோ அவன் போன் வரைக்கும் போய்விட்டது. "எவன்டி அவன்? நாங்க கிளம்பி வரவா?" என்றான். வேண்டாம் என்றேன். "வேண்டியதில்லதான். நம்ம ஊர்ப் பயலுக மாதிரி நல்லாத்தான் குடுத்திருக்காய்ங்க. கைய ஒடச்சாய்ங்க பாரு, அது சரி" என்றான். அவன் குரலில் இருந்த திருப்தியைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். ஆயிரம் மைல் தள்ளி வந்து, வேறு பாஷை பழகி, கடுகெண்ணெய்க்கு மூக்கைப் பழக்கி, கடைசியில் அதே தெருவிலேயே நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

மறுநாள் காலை டோட்டன் வந்தான். இஸ்திரி போட்ட அதே சட்டை, ஆனால் கசங்கியிருந்தது. நாற்காலியில் உட்காரவில்லை. என் தோளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மாரெக் மருத்துவமனையிலிருந்து வாக்குமூலம் கொடுக்கும் நிலையில் இல்லை, ஆகவே எல்லாம் என் பேச்சில் நிற்கிறது. அவர் என்னிடம் தப்பாக நடந்தார் என்று நான் சொன்னால், கிளப் பையன்கள் ஒரு பெண்ணைக் காப்பாற்றியவர்கள், கேஸ் லேசாகிவிடும். மாரெக்மேல் கேஸ் விழும், வேலை போகும், விசா போகும். இல்லை என்று நான் சொன்னால் டோட்டன் உள்ளே போவான். போலீஸ் சான்று கிடைக்காது. போலந்தும் இல்லை. இதையெல்லாம் அவன் விளக்கவில்லை, இரண்டு பேருக்கும் தெரியும். அவன் சொன்னது ஒன்றுதான்.

"நீங்க பொய் சொல்ல வேணாம், திதி. பயந்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க. பயந்தீங்கல்ல? அலறுனீங்கல்ல?"

ரத்தம் கொடுத்ததை அவன் ஞாபகப்படுத்தவில்லை. அவன் சட்டைக் கை மடிந்திருந்ததைப் பார்த்து நான்தான் நினைத்துக்கொண்டேன். அவன் கேட்டது பொய்கூட இல்லை. நான் பயந்தது நிஜம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாதே, இவர்களோடுதானே வாழ வேண்டும் என்று லேக் மார்க்கெட் பக்கத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றும் சொன்னது. அவர்கள் காபி கொடுத்து அன்பாகத்தான் சொன்னார்கள். ஆபீஸில் பெரியவர்களும், உனக்குச் சரி என்று பட்டதைச் செய் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெளியூரில் கிடக்கிற எல்லோருக்கும் இந்த நிலை ஒரு நாள் வரும். அக்கம்பக்கத்து மனிதர்கள் உனக்குச் செய்த நன்மையை எல்லாம் ஒரு தட்டில் வைத்துவிட்டு, இனி நீ சொல் என்பார்கள்.

தாணாவில், அதாவது போலீஸ் ஸ்டேஷனில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி மரியாதையானவர். டீ வரவழைத்தார். ஜன்னலுக்கு வெளியே டோட்டனும் இன்னும் நாலைந்து பேரும் வேப்பமரத்தடியில் நிற்பது தெரிந்தது. தண்ணீர் ஊற்றினாரா என்று கேட்டார். ஊற்றினார் என்றேன். அலறினீர்களா என்று கேட்டார். அலறினேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"உங்களுக்கு அவமானமா இருந்துச்சா, மேடம்?"

எத்தனையோ வருஷமாகப் பூட்டிய ஓர் அறைக் கதவைத் திறந்து ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டதுபோல இருந்தது. என்னை யாரும் கேட்காத கேள்வி. கேட்டவருக்கு அது தெரியாது. அவருக்கு அது படிவத்தில் வருகிற ஒரு வரி. டீயைக் கீழே வைத்தேன்.

"இல்ல சார். அவமானமா இல்ல. சந்தோஷமா இருந்துச்சு."

அவர் பேனாவை நிறுத்தினார். இதை எழுதினால் கோர்ட்டில் படிப்பார்கள், தனியாக இருக்கிற பெண், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எழுதுங்கள் என்றேன். அந்த மனிதரின் ஊரில் நனையாத பெண்ணுக்குத்தான் அவமானம், எனக்கு அவமானம் வரக் கூடாது என்று அவர் ஊற்றினார், எங்கள் ஊரிலும் ஊற்றுவார்கள், ஊற்றியவனை அடித்தார்கள், அந்த அடி திரும்பவும் வரப்போகிறது என்று தெரிந்துதான் அலறினேன் என்றேன். பாதி வங்காளம், பாதி இங்கிலீஷ், நடுவில் தமிழ். அழுதுகொண்டே சொன்னேன். அடித்தவர்கள் யார் யார் என்று கேட்டார். பெயர்களைச் சொன்னேன். டோட்டனின் பெயரைச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் பார்த்துவிட்டேன். அவன் வேப்பமரத்தில் சாய்ந்து, என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினான். நான் அவனுக்குச் சாதகமாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பிய கை அது.

மாரெக்கை வழியனுப்பப் போயிருந்தேன். உடைந்த கையால் ஸ்பானரைப் பிடிக்க முடியாது என்று கம்பெனி அவரை மரியாதையாக ஊருக்கு அனுப்பிவிட்டது. விமான நிலையத்தில் அவர் அதிகம் பேசவில்லை. கேட்காத காதை என்னிடமிருந்து திருப்பி, கேட்கிற காதை என் பக்கம் வைத்துக்கொண்டார். "அயர்லாந்தில் என்னைத் தெரியாதவர்கள் அடித்தார்கள்" என்றார். "இங்கே என்னைத் தெரிந்தவர்கள் அடித்தார்கள். என் தலையில் பச்சை பூசியவர்கள்." நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உன்னை நனைக்க இங்கே யாரும் இல்லையே என்று நினைத்தேன் என்றார். எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

டோட்டன் சிறையிலிருந்து ஜாமீனில் வந்தான். கேஸ் நடக்கிறது. ஏஜென்ட் வேறு ஒருவனைப் போலந்துக்கு அனுப்பிவிட்டான். அதன் பிறகு சந்து என்னிடம் பேசுவதை நிறுத்தியது. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன், வாய் பேசுகிற ஊர்தானே. இவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மீன்காரர் என் முறை வரும்போது தராசைத் துடைக்க ஆரம்பிப்பார். மாஷிமா மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பாள். என் கொடியில் காய்ந்த துணிகள்மேல் ஒருநாள் சாக்கடைத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். வீட்டை மாற்று என்று ஆபீஸில் சொன்னார்கள். மாற்றவில்லை. ஒரு தரம் ஊரைவிட்டு ஓடிவந்தாகிவிட்டது. இன்னொரு தரம் ஓடினால் அதற்குப் பிறகு நிற்க இடம் இருக்காது.

அடுத்த டோல் வந்தது. பழைய வெள்ளைச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசல் கேட்டில் நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள். பையன்கள் தொட்டி நிறைய வண்ணம் கரைத்து ஒருவரையும் விடாமல் துரத்தினார்கள். மாஷிமாவின் நரைத்த தலை நீலமாகிவிட்டது. கூட்டம் என் பக்கம் வந்தது. என்னைத் தொடாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, மறுபடி சேர்ந்துகொண்டு போயிற்று. சந்து முழுக்கச் சிவப்பும் பச்சையும் ஓட, என் சேலையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. மாடிக்குப் போய் அந்தச் சேலையை மடித்து வைத்தேன். துவைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பிறகு ஈஸ்டர் திங்கள். மாரெக் இப்போது நார்வேயில், மீன் பெட்டி ஒட்டுகிற வேலையில் இருக்கிறார். காலையிலேயே ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பனி இன்னும் கரையாத ஒரு கார் நிறுத்துமிடத்தில் போலந்துக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். மாரெக் இடது கையால் குவளையைப் பிடித்திருக்கிறார். கீழே ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார், நனைந்தாயா என்று.

அதைப் படித்துக்கொண்டே கேட்டைத் திறந்தேன். எதிரே, கிளப் குழாயடியில், டோட்டன் தன் காரைக் கழுவுவதற்காக வாளியை நிரப்பிக்கொண்டிருந்தான். வாளி நிறைந்ததும் தூக்கினான். தூக்கியவன் என்னைப் பார்த்தான். எங்களுக்கு நடுவே சந்தின் அகலம் மட்டும்தான் இருந்தது. நான் நகரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூடக் கொஞ்சம் மூடிக்கொண்டு நின்றேன். ஊற்றுடா என்று மனசுக்குள் தமிழில் சொன்னேன். தண்ணீர் தகரத்தில் மோதுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது காரிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, டோட்டன் முதுகைக் காட்டிக் குனிந்து சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வழிந்த தண்ணீர் என் செருப்பு வரை வந்து, அதைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குப் போனது. இல்லை என்று மாரெக்குக்குப் பதில் போட்டுவிட்டு, நனையாத உடையோடு பாலிகஞ்ச் பஸ் ஏறினேன்.